கீழ் டிவிசன் அறிக்கை

கோகிலாவின் பெறுபேறு 2005 பெப்ரவரியில் வந்தது. பேராதனையில் பொருளியல் சிறப்புப் பட்டம், இரண்டாம் வகுப்பு மேல்நிலை. நிவித்திகலைக்கு மேலே இருக்கும் கிரிமெட்டிய தோட்டத்தில் அதற்கு முன் யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. தோட்டத்தின் ஒரு பிரிவான கீழ் டிவிசன் ஆட்கள் மாரியம்மன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். டிவிசனின் தொழிற்சங்கத் தலைவர் மூக்கையா சங்கக் கூட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலையை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அவளுடைய அப்பா நாகலிங்கம், பால் வெட்டிவிட்டு வந்த கையைக் கழுவாமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் ரப்பர் பால் காய்ந்து தோல்தோலாகத் தொங்கியது.

"இது என்னா படிப்புங்க புள்ள?" என்று ஒரு பெண் கேட்டாள். "டாக்குத்தரா, டீச்சரா?"

கோகிலா பதில் யோசிப்பதற்குள் மூக்கையா சொன்னார். "நாடு எப்புடி பொழைக்குதுன்னு பாக்குற படிப்பு. சும்மா இல்ல."

கடைசி வருடத்தில் பல்கலைக்கழகத்தில் ஒருநாள் தொழில் வழிகாட்டல் கருத்தரங்கு வைத்திருந்தார்கள். பொருளியல் படித்தவர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று ஒருவர் திரையில் காட்டினார். மத்திய வங்கி, வணிக வங்கி, திட்டமிடல் சேவை, புள்ளிவிபரத் திணைக்களம், காப்புறுதி, ஆய்வு நிறுவனம், ஆசிரியர் தொழில், வெளிநாட்டில் முதுமாணி. கோகிலாவும் அவளுடைய ஹொஸ்டல் தோழி ஸம்ஹாவும் அடுத்தடுத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். ஸம்ஹா வரக்காப்பொலக்காரி. அவளுடைய வாப்பாவுக்கு அங்கே ஒரு புடவைக்கடை இருந்தது.

அந்த வழிகள் அவ்வளவு சீக்கிரம் அடைபடும் என்று இருவரும் நினைக்கவில்லை. திட்டமிடல் சேவைப் பரீட்சை இரண்டு தடவை ஒத்திவைக்கப்பட்டது. வங்கி ஒன்றின் நேர்முகப் பரீட்சைக்கு கோகிலா போனாள். அவளுடைய சிங்களத்தைக் கேட்டுவிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஆச்சரியப்பட்டார். பிறகு விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் படித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் தோட்டத்துக்கு பஸ் போகுமா, எத்தனை மணிக்கு முதல் பஸ் என்பதுதான். கடிதம் வரவில்லை. பேராதனையில் ஒரு தற்காலிக விரிவுரையாளர் வெற்றிடம் இருந்தது. அது முதல் வகுப்பு எடுத்தவருக்குப் போனது. அதில் அவளுக்குக் குறை இல்லை. அரசாங்கம் பட்டதாரிப் பயிலுனர்களை எடுத்தபோது அவளும் ஒரு பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவர்கள் பதினொரு பேர். கதிரை நான்கு. நாலு மாதத்தில் அவள் செய்த வேலை, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பங்களைத் திகதி வாரியாக அடுக்கியது.

ஸம்ஹாவுக்குக் கொழும்பில் முதுமாணிக்கு இடமே கிடைத்தது. போகவில்லை. "வாப்பா ஹொஸ்டல்ல நிக்க வாணாமாம்," என்று தொலைபேசியில் சொன்னாள். "ஸ்கூல்ல டீச்சிங் கெடச்சீக்கி. எனக்கு அது போதும்."

அந்த நேரத்தில்தான் கலாநிதி நிலாமின் கடிதம் வந்தது. அவர் கொழும்பில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனம் நடத்தினார். கோகிலாவின் கடைசி வருடத்தில் வருகை விரிவுரையாளராக வந்து, சிறு ரப்பர் தோட்டக்காரர்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பார்த்துத் திருத்தியவர். கொழும்புக்குப் போய் அவரைச் சந்தித்தாள்.

"ஒரு பெருந்தோட்டக் கம்பனிக்கு ஒன்பது டிவிசனைப் பற்றி ஓர் ஆய்வு செய்றோம்," என்றார் அவர். "எது நட்டத்துல ஓடுது, ஏன் ஓடுதுன்னு. ஆறு மாசம். நீங்க வாங்க. முதுமாணிக்குப் போறதுன்னா வெறும் பட்டத்தை மட்டும் வச்சு யாரும் எடுக்க மாட்டாங்க கோகிலா. கள அனுபவம் வேணும். இதை நல்லா செஞ்சீங்கன்னா இந்தியப் புலமைப்பரிசிலுக்கு நானே கடிதம் தாரேன்."

"டிவிசன மூடுறதுக்கா சேர்?"

"மூடுறதுன்னு யாரு சொன்னது? எப்படி நடத்தலாம்னு தெரியணும். அதுக்குத்தானே நம்மள கூப்பிடுறாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அவரும் அப்படித்தான் நம்பினார் என்று பின்னாளிலும் கோகிலா நினைத்தாள். பட்டியலைக் கையில் கொடுத்தார். ஏழாவது பெயர் கிரிமெட்டிய கீழ் டிவிசன்.

"சேர், இது எங்க ஊடு இருக்கிற டிவிசன்."

நிலாம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "விருப்பமில்லன்னா வேற ஆளை அனுப்புறேன். ஆனா ஒண்டு சொல்றேன். வேற ஆள் போனா ஒபிஸ்ல கணக்கப்பிள்ளையோட இருந்து ஃபோமை நிரப்பிட்டு வந்துருவான். உங்ககிட்ட அவங்க உண்மையைச் சொல்லுவாங்க."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. தெரியாத ஒருவன் பொய்யாக நிரப்புவதைவிடத் தெரிந்த ஒருத்தி சரியாக எழுதுவது நல்லதில்லையா?

கீழ் டிவிசனில், வரிசை வீடுகளான ஆறு லயங்களில் அறுபத்திரண்டு குடும்பங்கள். 2005 டிசம்பர் மழையில், குடையும் பொலித்தீன் பையில் சுற்றிய படிவங்களுமாக, பதினாறு நாள் அவள் வீடுவீடாக, காம்பரா காம்பராவாகப் போனாள். எந்த வீட்டிலும் அவளை நிற்க வைத்துப் பேசவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைத்தார்கள். தேத்தண்ணியும் சீனியும் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு கேள்விகள். சங்கத்திடமோ தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடமோ வாய் திறக்காத பெண்கள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

மூக்கையாவின் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது.

"ஒரு நாளைக்கு எத்தன மரம் பால் வெட்டுறீங்க மாமா?"

"கணக்கு முன்னூறு."

"நெசமா எத்தன?"

அவர் சிரித்தார். "ஒங்கிட்ட என்னா ஒளிக்கிறது. நூத்தி எம்பது, எரநூறு. அந்தக் கீழ் சரிவுல காடு வெட்டி ரெண்டு வருசமாச்சு புள்ள. பாம்பு எது, வேரு எதுன்னு தெரியல. பட்டையும் காஞ்சு போச்சு. யாரு எறங்குவா?"

"மத்தியானத்துக்குப் பொறகு வேற வேல ஏதும்?"

மூக்கையா வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் சசியும் குழிக்குப் போறோம். நெறைய பேரு போறாங்க. தொரைக்குத் தெரிஞ்சா பேரு வெட்டிருவான். எழுதுறியா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாணிக்கக் குழிகள் இருந்தன. காலையில் பால் வெட்டி முடித்தவர்கள் பிற்பகலில் அங்கே போய்ச் சேறு தூக்கினார்கள். சசி அவருடைய மூத்த மகன்.

"பேரு எழுத மாட்டேன் மாமா. லயத்து நம்பர் மட்டுந்தான்."

"அப்ப எழுதிக்க."

கடைசியிலிருந்து இரண்டாவது கேள்வி, தோட்டத்து வேலை இல்லாமல் போனால் உங்கள் குடும்பத்தால் சமாளிக்க முடியுமா என்பது. முடியும் என்றால் ஒன்று, முடியாது என்றால் இரண்டு. அந்தக் கேள்விக்கு மட்டும் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பொழச்சுக்க மாட்டமா? கையி காலு இருக்குல்ல," என்றார் மூக்கையா. அவள் ஒன்று என்று போட்டாள்.

தன் வீட்டுப் படிவத்தைக் கடைசி நாளில் நிரப்பினாள். அம்மா வெள்ளையம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்தாள். அவளும் பால் வெட்டுக்காரிதான். அதே கேள்வியை அப்பாவிடம் கேட்டபோது, நாகலிங்கம் கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கென்னா. எம் மக பட்டதாரி," என்றார்.

அங்கேயும் அவள் ஒன்று என்றே போட்டாள்.

ஒன்பது டிவிசன்களில் கீழ் டிவிசனின் தரவுதான் மிகச் சுத்தமாக இருந்தது. அதைப் பற்றிய அத்தியாயத்தைக் கோகிலாவே ஆங்கிலத்தில் எழுதினாள். விளைச்சல் குறைந்ததற்கு மரத்தின் வயது மட்டும் காரணமில்லை, மூன்றில் ஒரு பங்கு மரம் பால் வெட்டப்படாமலே கிடக்கிறது என்று காட்டினாள். அறுபத்திரண்டில் நாற்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு வெளியே வருமானம் இருந்தது. அது லயம் வாரியாக ஓர் அட்டவணையில் வந்தது. ஐம்பத்து மூன்று குடும்பங்கள் சமாளிக்க முடியும் என்று சொல்லியிருந்தன. எல்லாம் உண்மை. அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில், அந்தச் சரிவைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பங்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தால் அவர்களே காடு வெட்டி, மரம் நட்டு, கம்பனிக்குப் பால் கொடுப்பார்கள் என்று ஒரு யோசனையை ஏழு பக்கத்தில் எழுதினாள். அந்த ஏழு பக்கத்துக்காக இரண்டு மாதம் உழைத்தாள்.

அச்சான பிரதியில் அந்த ஏழு பக்கம் பின்னிணைப்புக்குப் போயிருந்தது. அவை இருந்த இடத்தில், நிலாம் எழுதிய ஒரு வாக்கியம் இருந்தது: இக்குடும்பங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே தோட்டத்துக்கு வெளியே வாழப் பழகிவிட்டன.

"கம்பனி கேட்டது யோசனை இல்ல கோகிலா, நிலைமை," என்றார் நிலாம். "வெட்டல்ல. பின்னால இருக்கு. வாசிக்கிறவன் வாசிப்பான்."

யாரும் வாசிக்கவில்லை.

2007 ஜனவரியில் புலமைப்பரிசிலுக்கான நேர்முகப் பரீட்சை நடந்தது. தன் எழுத்துக்கு மாதிரியாகக் கோகிலா கொடுத்திருந்தது அந்த அத்தியாயத்தை. மூன்று பேர் கொண்ட குழு அதைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டது. வெளிவருமானத்தை இவ்வளவு நுணுக்கமாக எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு பெண்மணி வியந்தார். அவள் நன்றாகவே பதில் சொன்னாள். வெளியே வந்து படியிறங்கும்போது, கிடைத்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோசம் உண்மையானது.

அடுத்த மாதம், காலையில் பேர் கூப்பிடும் கீழ் டிவிசன் பெரட்டுக் களத்தில் பெரிய துரை எல்லோரையும் கூட்டினார். கோகிலா அப்போது கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நடந்ததை அம்மாதான் அவளுக்குச் சொன்னாள்.

துரை சிங்களத்தில் பேசினார். கீழ் டிவிசன் ஜூன் மாதத்தோடு மூடப்படும். ரப்பர் மரங்களை வெட்டி விற்றுவிட்டு நிலத்தை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். குடும்பங்கள் மேல் டிவிசன் லயங்களுக்குப் போகலாம். அங்கே தேயிலை வேலை. வெளியே வருமானம் இருக்கும் லயத்து ஆட்களுக்கு வாரத்தில் மூன்று நாள் மட்டும் வேலை. மூக்கையா எழுந்து சத்தம் போட்டிருக்கிறார். எந்த லயத்துக்கு வருமானம் இருக்கிறது, யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார். துரை அறிக்கையைத் தூக்கிக் காட்டி, நாலாம் லயத்திலிருந்து எத்தனை பேர் குழிக்குப் போகிறார்கள் என்று வாசித்தார். பிறகு, சமாதானம் சொல்வது போலத்தான், "ஒயாலகேம லமயெக் தமய் மேக்க ஹெதுவே," என்றார்.

உங்களுடைய பிள்ளை ஒன்றுதான் இதைச் செய்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் சிங்களம் தெரியும்.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல," என்றாள் வெள்ளையம்மா. "திட்டியிருந்தா கூட நல்லாருந்திருக்கும். பீலிக்குத் தண்ணிக்குப் போனா எல்லாரும் வழி விட்டு நிக்கிறாளுக. மொதல்ல நீங்க புடிங்கன்றாளுக."

கோகிலா அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனாள். நிவித்திகலையிலிருந்து வந்த பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அவள் நேரே மூக்கையாவின் காம்பராவுக்குப் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து பால் கத்தியை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் மூடச் சொல்லி எழுதல."

"வா. உக்காரு."

"அந்த மலையை ஒங்களுக்கே பிரிச்சுக் குடுக்கணும்னு ஏழு பக்கம் எழுதினேன். அத பின்னால போட்டுட்டாங்க."

"சரி."

"குழிக்குப் போறத நான் பேரு போட்டு எழுதல."

"பேரு எதுக்கு புள்ள? நாலாம் லயத்துல இருக்கிறதே பத்து ஊடு."

மூக்கையா கத்தியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்றுதான் அவள் எதிர்பார்த்து வந்தாள்.

"நீ கேக்கையில எதுக்குன்னு சொல்லலியே," என்றார்.

"சொன்னேன் மாமா. ஆராய்ச்சின்னு சொன்னேன்."

"ஆராய்ச்சின்னா எங்களுக்கு என்னா தெரியும்? ஒம் படிப்புக்குன்னு நெனச்சோம். நெறைய சொன்னா ஒனக்கு நெறைய மார்க்கு கெடைக்கும்னு பொம்பளைக பேசிக்கிட்டாளுக. நானும் அதுக்குத்தான் சொன்னேன்."

உள்ளேயிருந்து சசி வந்தான். அவளைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். தேத்தண்ணி வந்தது. கோகிலா குடித்தாள். சீனி கொண்டுவர யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

மே மாதம் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு வருட முதுமாணி, முழுப் புலமைப்பரிசில். அதே வாரத்தில் கீழ் டிவிசனில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். இயந்திர வாள் சத்தம் காலையில் தொடங்கினால் மூன்று மணி வரைக்கும் நிற்காது. சாமான்களை லொறியில் ஏற்றும்போது, தான் போகவில்லை, எங்கேயாவது ஆசிரியர் வேலைக்குப் போகிறேன் என்று கோகிலா அம்மாவிடம் சொன்னாள்.

"போயிரு," என்றாள் வெள்ளையம்மா. "எங்களுக்காக நிக்கிறேன்னு மட்டும் சொல்லாத. நீ இங்க நின்னா தெனமும் ஒன்ன பாக்கணும் அவுக. நாங்களும் பாக்கணும்."

அம்மா வேறு எந்த அர்த்தத்தில் அதைச் சொல்லியிருக்கக்கூடும் என்று கோகிலா டில்லியில் இரண்டு குளிர்காலம் யோசித்தாள். வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

படிப்பு அவளுக்குக் கடினமாக இல்லை. மூன்றாம் தவணையில் கள ஆய்வு முறைகள் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஆய்வின் நோக்கத்தை மக்களிடம் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் பேராசிரியர் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு மாதிரியெடுத்தலுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். கோகிலா அன்றைக்கே மூக்கையாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினாள். பதில் வரவில்லை. அம்மாவின் கடிதங்களில் செய்தி கொஞ்சம்தான் இருக்கும். ஐம்பது வயதுக்கு மேல் கொழுந்து எடுக்கப் பழகுவதாகவும், நிறை போதாமல் பெரும்பாலும் அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேர் விழுவதாகவும் ஒன்றில் இருந்தது. அப்பா எம்பிலிப்பிட்டியவுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று இன்னொன்றில் இருந்தது. மூக்கையா குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்று மூன்றாவதில்.

2009 ஜூனில் அவள் திரும்பி வந்தாள். யுத்தம் முடிந்திருந்தது. இனி நாட்டில் எல்லாம் மாறும், பொருளியல் படித்தவர்களுக்கு வேலை குவியும் என்று பத்திரிகைகள் எழுதின. அவள் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். பதில் சொன்னது ஒரே ஓர் இடம், நிலாமின் நிறுவனம்.

இந்த முறை கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள். ஐந்து டிவிசன்கள், இருநூற்றுப் பத்துக் குடும்பங்கள். கம்பனி வேறு, கேள்விகள் அவ்வளவாக மாறவில்லை. கோகிலா ஒப்புக்கொண்டாள். ஆனால் படிவத்தின் தலைப்பில் நாலு வரி சேர்த்தாள். வரக்காப்பொலயில் ஸம்ஹாவின் வீட்டில் தங்கி, தினமும் காலையில் பஸ் ஏறினாள்.

ஸம்ஹா அந்த நாலு வரியை வாசித்துப் பார்த்தாள். அவளுக்கு இப்போது ஒரு மகள். பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தாள்.

"இத அப்படியே வாசிச்சுக் காட்டுவியா?"

"வாசிச்சுக் காட்டுவேன். விளங்கலன்னா விளக்கிச் சொல்லுவேன்."

"அப்ப ஒருத்தரும் ஒனக்கு ஒண்டும் செல்ல மாட்டாங்க கோகிலா."

"தெரியும்."

முதல் நாள் முதல் லயத்தில் தங்கம்மா என்ற பெண்ணின் காம்பராவுக்குப் போனாள். கோகிலா பாயில் உட்கார்ந்து அந்த வரிகளைச் சொன்னாள். இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொன்னது கம்பனி. நீங்கள் சொல்வதை வைத்து இந்த டிவிசனை நடத்துவதா மூடுவதா என்று அவர்கள் முடிவெடுக்கலாம். வெளியே வேலை செய்வதாகச் சொன்னால் அது உங்களுக்குப் பாதகமாகவும் வரலாம். விருப்பமில்லை என்றால் பதில் சொல்லத் தேவையில்லை.

தங்கம்மா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நாங்க சொல்றத வச்சு எங்கள எழுப்பிருவாங்களா?"

"எழுப்பலாம்."

"நீங்க தமிழாளுதானே? தோட்டத்துப் புள்ளதானே?"

"ஆமா."

"பொறவு எதுக்குங்க இந்த வேல செய்றீங்க?"

"நான் வரலன்னா, இதெல்லாம் சொல்லாம கேக்குற ஆளு வருவாங்க," என்றாள் கோகிலா. சொல்லும்போதே அது முன்பும் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம்தான் என்பது உறைத்தது.

தங்கம்மா தெளிவான குரலில் சொன்னாள். "எழுதிக்குங்க. முன்னூறு மரமும் வெட்டுறோம். ஒண்ணு விடாம. ஊட்டுல யாரும் வெளிய வேலைக்குப் போறதில்ல." சுவரில் ஒரு வாலிபனின் படம் மாட்டியிருந்தது. ஏதோ ஒரு கடை வாசலில், கடையின் பெயர் அச்சிட்ட சட்டையோடு நின்றான். தங்கம்மா அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். கோகிலா வெளிவருமானம் இல்லை என்று எழுதினாள்.

சாயந்தரத்துக்குள் செய்தி லயமெல்லாம் பரவிவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஐந்து டிவிசன்களிலும் அதே பதில்தான், சில வீடுகளில் அதே வார்த்தைகளில். எல்லோரும் முன்னூறு மரம் வெட்டினார்கள். யாரும் வெளியே போகவில்லை. வேலை போனால் யாராலும் சமாளிக்க முடியாது. எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதினாள்.

நிலாம் தரவைப் பார்த்த அன்று அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கு வயது போயிருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"இருநூத்திப் பத்துக் குடும்பம். ஒருத்தருக்கும் வெளிவருமானம் இல்ல. இதை யாரு நம்புவாங்க கோகிலா?"

"அவங்க சொன்னத எழுதினேன் சேர்."

"நீங்க என்ன சொல்லிட்டுக் கேட்டீங்க?"

அவள் படிவத்தின் தலைப்பைக் காட்டினாள். அவர் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இது சரிதான்," என்றார் கடைசியில். "புத்தகத்துல இப்படித்தான் இருக்கு. ஆனா இதை வச்சு நான் ஒரு அறிக்கையும் எழுத ஏலாது. உங்களுக்கு விளங்குதுதானே?"

"விளங்குது சேர்."

அவளுடைய ஒப்பந்தம் நவம்பரோடு முடிந்தது, நீடிக்கவில்லை. நிலாம் ஒரு நல்ல நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். அதில் அவர் எழுதியிருந்த எதுவும் பொய்யில்லை. கேகாலை வேலை அடுத்த மாதமே வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவர்கள் படிவத்தோடு குடும்பத்துக்கு ஒரு சவர்க்காரப் பெட்டியும் கொண்டுபோகிறார்களாம் என்று ஸம்ஹா கேள்விப்பட்டுச் சொன்னாள்.

டிசம்பரில் ஒருநாள் கோகிலா அப்பாவைப் பார்க்க எம்பிலிப்பிட்டியவுக்குப் போனாள். நகரத்துக்கு வெளியே ஒரு அரிசி ஆலை. அவித்த நெல்லைக் காயப்போடும் சீமெந்துக் களம், ஒரு பாடசாலை மைதானம் அளவுக்கு இருந்தது. மரம் எதுவும் இல்லை. நாகலிங்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நெல்லைக் காலால் அளைந்தபடி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் ரப்பர் நிழலில் வேலை செய்த மனிதர். முகமும் கழுத்தும் கறுத்து, உதடு வெடித்திருந்தது. அவளை அடையாளம் கண்டதும் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"சாப்புட்டியா?"

"வாங்கிட்டு வந்தேன். வாங்க சாப்புடுவோம்."

கூரை ஓரத்தில் சாக்கில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தார்கள். வேலை போய்விட்டது என்று அவள் சொன்னாள். ஏன் என்றும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"நீங்க வந்துருங்கப்பா. இந்த வெயில்ல வேணாம். ஊவாவுல ஒரு ஸ்கூல்ல டீச்சிங்குக்கு எழுதிப் போட்டிருக்கேன். கெடைக்கும்."

"கெடைக்கட்டும். போ." அவர் விரலை நக்கிவிட்டு எழுந்தார். "நான் வந்து ஒங் காம்பராவுல உக்காந்து என்னா செய்யப் போறேன்? இங்க காலையில எந்திரிச்சா ஒரு வேல இருக்கு."

"என் மேல கோவமாப்பா?"

நாகலிங்கம் நின்றார். இரண்டரை வருடத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்தக் கேள்விக்கு நானுந்தானே பதில் சொன்னேன்," என்றார். "ஒனக்கு முன்னால சின்னதா தெரியக்கூடாதுன்னு சொன்னேன். எல்லாரும் அப்புடித்தான் சொன்னாங்க. கோவப்பட்டா யாரு மேல படுறது?"

மேற்கில் மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது. ஆலைக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். களத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் நெல் வாரும் பலகைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவித்த நெல் நனைந்தால் அன்றைய வேலை முழுவதும் வீண். நாகலிங்கம் ஒரு பலகையின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தார். கோகிலா கைப்பையைச் சாக்கின் மேல் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின்னாலிருந்து பலகையை அழுத்திப் பிடித்தாள். சீமெந்து உள்ளங்காலைச் சுட்டது.

முதலாளி குடையோடு வெளியே வந்து நின்றார். தெரியாத ஒரு பெண் களத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு, யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"மகே துவ, மாத்தயா," என்றார் நாகலிங்கம், இழுப்பதை நிறுத்தாமல்.

"துவ மொனவத கரன்னே?"

மகள் என்ன செய்கிறாள்? கோகிலா தலையை நிமிர்த்தவில்லை.

"இகெனகன்னவா," என்றார் அப்பா. படித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலாளி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். நெல் குவியல் இடுப்பளவுக்கு வந்தபோது முதல் துளிகள் விழுந்தன. ஒரு மூலையில் தார்ப்பாயை அப்பா இழுத்துப் பிடித்தார், மறு மூலையில் அவள். காற்று நடுவே புகுந்து அதைத் தூக்கியது. "கல்ல வையி," என்று அவர் கத்தினார். அவள் கல்லைத் தேடி ஓடினாள்.